பிளானிங் (வீடு கட்ட, கூட்டக் கவுன்சிலிட்டக் கேக்கிற அனுமதி) போட்ட ஆக்கள்: கவுன்சில் விசயத்தில இன்னும் மனசில நிக்கிற ஒண்டைச் சொல்லுங்கோ

பின்வளவு எழுதியது:

லண்டன் ஆக்களுக்கு நான் கனக்க விளக்கத் தேவையில்லை. டெரஸ் வீடு, ரெண்டு பக்கமும் அயல் வீட்டோட ஒட்டினது. பின்னுக்கு 6 மீட்டர் கூட்டிக் கட்டக் கேட்டது. அயலட்டை ஆட்சேபிக்காட்டி கவுன்சில் எட்டியும் பார்க்காது, 42 நாளில தானாப் போயிடும். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. கீழ அவவுக்கு ஒரு அறை, ஒரு டொய்லட். அவ்வளவுதான் கேட்டனாங்கள்.

ஒரு பக்கம் வாடகைக்கு இருக்கிற பெடியள். கவுன்சில் கடிதத்தைப் பிரிச்சும் பார்த்திருக்க மாட்டாங்கள். மற்றப் பக்கம் தனிய இருக்கிற வெள்ளைக்கார அம்மா, எண்பது தாண்டினவ. பதினொரு வருச அயல். ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மா ஒரு கிண்ணத்தில குடுத்து விடுவா. அவ கிண்ணத்தைக் கழுவி, உள்ளுக்குத் தான் காய்ச்சின ஜாம் போத்தல் ஒண்டு வைச்சுத் திருப்பித் தருவா. வெறுங்கிண்ணம் குடுக்கக் கூடாதெண்டு அவவுக்கு ஆர் சொன்னதோ, நாங்கள் சொல்லேல்லை.

இரவு ஒரு மணிக்கு நித்திரை வராமல் போனில கவுன்சில் சைட்டைத் திறந்தன். ஆட்சேபணை: 1. திறந்தால் கையெழுத்துக் கடிதம். கிறிஸ்மஸ் கார்டில எங்கட பேரை எழுதுற அதே சரிஞ்ச எழுத்து. நாங்கள் நல்ல ஆக்களாம், ஒரு நாளும் கரைச்சல் இல்லையாம். ஆனால் மத்தியானம் தன்ர குசினி மேசைக்கு வாற வெயில் மறைஞ்சு போயிடுமாம், மனுசன் இருந்த கதிரை அந்த வெயிலுக்குள்ளதான் கிடக்குதாம்.

அந்த ஒரு கடிதம்தான். கவுன்சில் பார்க்க வெளிக்கிட்டுது, ரிஜெக்ட். மூண்டு நாள் கழிச்சு அவ வேலியடியில நிண்டு, உங்கட கருவேப்பிலைக் கண்டு குளிருக்குத் தப்பிட்டுதோ எண்டு கேட்டா. ஓம் எண்டன். வேற ஒண்டும் வாயில வரேல்லை.

உங்களுக்கும் இப்பிடி ஏதும்?

-----

மூணாவது மாடி எழுதியது:

எனக்கு நேர் எதிர் அனுபவம். உங்களுக்கு ஒரே லெட்டர்ல நின்னுபோச்சு. நாங்க இருந்த பில்டிங்கை ஒரு கேள்வி கேட்காம விட்டுட்டாங்க.

முன்னாடி ஆபீஸா இருந்த கட்டடம். 2019ல வாடகைக்குப் போனோம். ஒரே ரூம், 19 சதுர மீட்டர். ஜன்னல் ஒரு கை அகலத்துக்கு மேல திறக்காது, சாம்பார் தாளிச்சா அலாரம் அடிக்கும். அதெல்லாம் பழகிடுச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை பொண்ணு (அப்ப ஒன்றரை வயசு) கார்ப்பெட் ஓரத்தைப் பிடிச்சு இழுத்தா. அடியில ஒரு தகர மூடி. தூக்கிப் பார்த்தா நாலு பிளக் பாயின்ட், ரெண்டு நெட்வொர்க் சாக்கெட், பக்கத்துல ஒரு ஸ்டிக்கர்: 3-117. யாரோ ஒருத்தரோட டெஸ்க் நம்பர். அது மேலதான் எட்டு மாசமா பாய் விரிச்சுப் படுத்திருக்கோம்!

கவுன்சிலுக்கு போன் போட்டு, இதுக்கு எப்படி அப்ரூவல் குடுத்தீங்கன்னு சண்டைக்கே போயிட்டேன். அந்தாளு பொறுமையா சொன்னாரு: 2013லேருந்து ஆபீஸை வீடாக்க முழு பிளானிங் தேவையில்லைன்னு அரசாங்கமே சட்டம் போட்டுடுச்சு. டிராஃபிக், மண்ணுல நச்சு, வெள்ளம், சத்தம், இதை மட்டும்தான் நாங்க பார்க்கலாம். ரூம் எவ்வளவு பெருசுன்னு கேட்கிற அதிகாரமே எங்களுக்கு இல்ல. நாங்களும் உங்களை மாதிரிதான் வேடிக்கை பார்க்கிறோம்னாரு. அந்தக் கடைசி வரி இருக்கே.

ஹார்லோல டெர்மினஸ் ஹவுஸ், இதே மாதிரி ஆபீஸை சின்னச் சின்ன பிளாட்டா மாத்தின 14 மாடிக் கட்டடம், அந்தக் கதை தெரிஞ்சவங்களுக்கு நான் என்ன சொல்றேன்னு புரியும். அப்புறம்தான் முழிச்சுக்கிட்டாங்க. 2020ல வெளிச்சம் வரணும்னாங்க, 2021 ஏப்ரல்லேருந்து ஒரு ஆளுக்கே குறைஞ்சது 37 சதுர மீட்டர்னாங்க. எங்க ரூம் அதுல பாதி. ஏற்கெனவே மாத்தின கட்டடத்தை யாரு கேட்பா.

-----

சிவப்பு விளக்கு எழுதியது:

கவுன்சிலின் பிளானிங் கமிட்டிக்குப் போய்ப் பேசியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நான் போனேன். இரண்டு வருடம் ஆகிறது.

எங்கள் தெருமுனை கார் பார்க்கில் ஒன்பது மாடி பிளாட் கட்ட விண்ணப்பம். ஆபீசர் அறிக்கை ‘அனுமதிக்கலாம்’ என்றுதான் இருந்தது. எதிர்ப்பவர்களுக்கு மூன்று நிமிடம். வீட்டில் கண்ணாடி முன் நின்று, மகள் போனில் நேரம் பார்க்க, பதினைந்து தடவை பழகினேன். அங்கே போனதும் தலைவருக்கு வணக்கம் சொல்லி, நான் இந்தத் தெருவில் இருபது வருடம் என்று ஆரம்பித்து, பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சிவப்பு விளக்கு. மைக் போய்விட்டது. ‘பள்ளி’ என்பதோடு உட்கார்ந்துவிட்டேன்.

ஆனாலும் கவுன்சிலர்கள் ஆறுக்கு நாலு என்று நிராகரித்தார்கள். காலரியில் எல்லோரும் கைதட்டினோம். முன்பின் தெரியாத ஒரு பெண்மணி என்னைக் கட்டிப்பிடித்தார். அந்தச் சத்தத்துக்கு நடுவில், அறிக்கை எழுதிய ஆபீசர் மட்டும் யாரையும் பார்க்காமல் தன் தாள்களை ஒவ்வொன்றாகத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். தோற்ற மனிதரின் முகம் இல்லை அது. பரிதாபப்படுகிறவரின் முகம்.

கம்பெனி அப்பீல் போட்டது. பத்து மாதத்தில், அப்பீலை விசாரிக்கும் அரசாங்க பிளானிங் இன்ஸ்பெக்டர் அனுமதி கொடுத்துவிட்டார். நிராகரித்த காரணத்துக்கு ஆதாரமே இல்லை என்று எழுதி, அவர்கள் அப்பீல் செலவையும் கவுன்சில் தலையில் கட்டினார். அதாவது நம் கவுன்சில் டாக்ஸ். கிரேன் வந்துவிட்டது. காலையில் பல் தேய்க்கும்போது ஜன்னலில் அதுதான் தெரிகிறது.

-----

அளவுகோல் எழுதியது:

என் கதை சின்னது. தோட்டத்துல ஆபீஸ் ரூம் ஒண்ணு போட்டேன், வேலியிலேருந்து 2 மீட்டருக்குள்ள. அப்படின்னா உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. பில்டர் 2.7 வச்சுட்டான். கவுன்சில்ல விதி மீறலைப் பிடிக்கிற என்ஃபோர்ஸ்மென்ட்லேருந்து ஒருத்தர் டேப்போட வந்தாரு. கூரையைப் பிரிச்சோம். முடிஞ்சுது.

பின்வளவு அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, அந்தம்மா மேல குத்தமே இல்ல. 6 மீட்டர்னா ஒரு பஸ்ல பாதி நீளம். பக்கத்து வீட்டு ஜன்னல் நடுவிலேருந்து 45 டிகிரி கோடு போட்டுப் பாருங்க, உங்க சுவர் அதை வெட்டும், அவங்க வெளிச்சம் மறையும். நீங்க செஞ்சிருக்க வேண்டியது: முதல்ல பிளானை எடுத்துக்கிட்டுப் போய்க் கதவைத் தட்டிப் பேசறது. ரெண்டாவது, ரிஜெக்ட் ஆனா ஆபீசர் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் படிக்கறது. எந்த ஜன்னல், எத்தனை மீட்டர்னு அதுல இருக்கும், அதை மட்டும் குறைச்சுத் திரும்பப் போடலாம். அப்பீலுக்கு 12 வாரம்தான், தூங்கிடாதீங்க. இல்ல, பேசாம 3 மீட்டருக்குள்ள போங்க, யாரையும் கேட்க வேண்டாம், ஆனா சட்டப்படி சரின்னு சர்டிபிகேட் வாங்கி வைங்க, நாளைக்கு வீடு விக்கும்போது வக்கீல் முதல்ல அதைத்தான் கேட்பான். முழு அப்ளிகேஷனுக்கு 2025 ஏப்ரல்ல 528 பவுண்ட் ஆக்கினாங்க, அதுக்கு முன்னாடி 258தான் இருந்தது. சர்டிபிகேட்டுக்கு அப்ளிகேஷன் ஃபீஸ்ல பாதி.

சிவப்பு விளக்கு சார், இருபது வருஷமா இருக்கேன்கிறதைக் கமிட்டி கணக்குல எடுக்காது. ‘வியூ போயிடும்’, ‘வீட்டு விலை இறங்கிடும்’ எதுவும் செல்லாது. வெளிச்சம், எட்டிப் பார்க்கிற ஜன்னல், ரோட்டுப் பாதுகாப்பு, இதைத்தான் பேசணும். அதுவும் முதல் நிமிஷத்துலேயே.

-----

சிவப்பு விளக்கு எழுதியது:

அளவுகோல், சம்பவம் சொல்லுங்கள் என்றுதான் கேட்டிருக்கிறார். டியூஷன் அல்ல.

-----

சிலோன்பெடியன் எழுதியது:

இதெல்லாம் ஏன். சொல்லாமல் கட்டிப்போட்டு நாலு வருசம் மூச்சுக் காட்டாமல் இருந்தால் கவுன்சிலால ஒண்டும் செய்யேலாது. மச்சான் அப்பிடித்தான் செய்தவன்.

-----

மஞ்சள் நோட்டீஸ் எழுதியது:

அந்த நாலு வருசக் கணக்குக்குள்ள மாட்டினவள் நான்.

2018. நானும் இவரும் கல்யாணம் முடிச்சு வந்த புதுசு. ஒரு வீட்டுப் பின்வளவில இருந்த ஷெட்டில வாடகைக்கு இருந்தம். வீட்டுக்காரர் நம்மட தமிழ் ஆள். உள்ளுக்கு ஒரு கட்டில், மின் அடுப்பு, மூலையில ஷவர். மழைக்குக் கூரையில ஆரோ கல்லெறியிற மாதிரி இருக்கும். வாடகை காசாக் குடுக்கோணும், முன்கதவால வரக் கூடாது.

ஆரோ கவுன்சிலுக்கு அறிவிச்சிட்டினம். ஒரு காலமை கழுத்தில அட்டை போட்ட ஒரு பெடியன் வந்தவன். மரியாதையான ஆள், சப்பாத்தைக் கழட்டட்டோ எண்டு கேட்டவன். கேத்தில், கட்டில், கொடியில தொங்கின என்ர சாரி எல்லாத்தையும் எழுதினவன். பிறகு, இங்க எவ்வளவு காலமா இருக்கிறீங்கள் எண்டு கேட்டான். அவனுக்குப் பின்னால வாசலில வீட்டுக்காரர். கையை இடுப்புக்குக் கீழ வைச்சு நாலு விரலைக் காட்டினார்.

நான் ரெண்டு எண்டன்.

ஏன் அப்பிடிச் சொன்னனோ இண்டைக்கும் தெரியாது. ரெண்டும் இல்லை, நாங்கள் வந்து ஒண்டே முக்கால் வருசம். நாலெண்டு சொல்லியிருந்தால் எங்களுக்கு அந்த இடமாவது இருந்திருக்கும். நோட்டீஸ் வந்துது, ஷெட்டை வீடாப் பாவிக்கக் கூடாதெண்டு. அவருக்கு ஷெட் மிஞ்சிச்சு. நாங்கள் ரெண்டு சூட்கேசோட நிண்டம்.

-----

அளவுகோல் எழுதியது:

சிலோன்பெடியன், உங்க மச்சான் கணக்கு பழசு. இங்கிலாந்துல 2024 ஏப்ரல் 25லேருந்து நாலு வருஷம் கிடையாது, பத்து. அதுக்கு முன்னாடியே கட்டி முடிச்சிருந்தாத்தான் பழைய கணக்கு. ஒளிச்சு வச்சா அதுவும் உதவாது. சரே பக்கம் சால்ஃபோர்ட்ஸ்ல ஒரு விவசாயி வைக்கோல் கட்டும் தார்ப்பாயும் அடுக்கி, அதுக்குப் பின்னாடி கோட்டை மாதிரி ஒரு வீட்டையே கட்டி 2002லேருந்து குடியிருந்தாரு. 2006ல வைக்கோலை எடுத்துட்டு நாலு வருஷம் ஆச்சுன்னாரு. கோர்ட்டு ஒத்துக்கல. 2016ல அவரே இடிக்க வேண்டியதாப் போச்சு.

மஞ்சள் நோட்டீஸ் அக்கா, அந்த மாதிரி நேரத்துல கவுன்சிலோட ஹவுசிங் பிரிவைத்தான் முதல்ல

-----

மூணாவது மாடி எழுதியது:

அளவுகோல் ப்ரோ, அக்கா எட்டு வருஷத்துக்கு முந்தி நடந்ததைச் சொல்றாங்க.

-----

அளவுகோல் எழுதியது:

பாதியில போஸ்ட் ஆயிடுச்சு. சரி, விடுங்க.

-----

பின்வளவு எழுதியது:

எல்லாற்றையும் வாசிச்சன். தங்கச்சி, அந்த நாலு விரலை நானும் இனி மறக்க மாட்டன்.

அளவுகோல் தம்பி, நான் கதவைத் தட்டாமல் விடேல்லை. போடமுந்தியே பிளானைக் கொண்டு போய் அவவின்ர குசினி மேசையில விரிச்சுக் காட்டினனான். கண்ணாடியைப் போட்டுக் கொண்டு வடிவாப் பார்த்திட்டு ‘லவ்லி’ எண்டவ. தேத்தண்ணியும் தந்தவ. இந்த நாட்டில இருபத்தஞ்சு வருசமா இருக்கிறன், எந்த லவ்லி என்ன லவ்லியெண்டு இன்னும் பிடிபடேல்லை.

பிறகு 3 மீட்டரில கட்டிப்போட்டம், ஒருத்தரையும் கேக்காமல். அம்மாவின்ர கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். கடிதத்தைப் பற்றி அம்மாவுக்கு நான் மூச்சு விடேல்லை. இந்தப் பொங்கலுக்கும் வழமை போல கிண்ணத்தை நிரப்பி என்ர கையில தந்தா.

கொண்டு போனன். உள்ளுக்கு வா எண்டு குசினிக்குக் கூட்டிக் கொண்டு போனவ. சுவரோரமா ஒரு பழைய மரக்கதிரை, மேல ஒரு குஷன். மத்தியானம் ரெண்டு மணிதான், ஆனால் ஜனவரி, மழை இருட்டு. எங்கட சுவர் மறைக்குதோ இல்லையோ எண்டு பார்க்க அங்க வெயில் இல்லை.

கிண்ணம் இன்னும் திரும்பி வரேல்லை.