“சொன்னா செய்யமாட்டேனா?” என்பவரோடு வேலையை எப்படிப் பிரிப்பது?

கோவைக்காரி:
இருவரும் வேலைக்குப் போகிறோம், பையன் இரண்டாம் வகுப்பு. வீட்டுக்காரர் சோம்பேறி இல்லை. பாத்திரம் தேய்ப்பார், துணி காயப்போடுவார், கிரைண்டர்கூடக் கழுவுவார். எல்லாம் நான் சொன்னால்தான். நாளைக்கு மாவு இல்லை, கேஸ் தீரப்போகிறது, வெள்ளிக்கிழமை பையனுக்குக் கலர் டிரஸ், அத்தைக்கு பிரஷர் மாத்திரை என்று ஆபீஸில் உட்கார்ந்து யோசிப்பது நான். கேட்டால், “சொன்னா செய்யமாட்டேனா?” சொல்வதே ஒரு வேலை என்று இவருக்கு எப்படிப் புரியவைப்பது? சண்டை வேண்டாம்.

மலைக்கோட்டையான்:
எங்கள் வீட்டில் மாவு முழுக்க என் பொறுப்பு. உளுந்து வாங்குவது, ஊறவைப்பது, அரைப்பது, உப்புப் போட்டுக் கரைப்பது, தீர்வதற்குள் அடுத்த ஈடு போடுவது எல்லாம். வீட்டம்மா ஞாபகப்படுத்தவே மாட்டார். மறந்தால் அன்றைக்கு உப்புமா. அதுக்கு பயந்தே ஞாபகம் வரும். (உளுந்துக்கு ஐஸ் தண்ணீர் தெளித்து அரைக்கச் சொல்லுங்கள், மாவு சூடேறாது.)

கணக்குப்பிள்ளை:
மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாமல் தங்கள் வீட்டு வேலையைச் செய்கிறவர்களில் பெண்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடம், ஆண்களுக்கு 88. இது 2024 கணக்கு. 2019-ல் 299, 97. ஐந்து வருஷத்தில் இடைவெளி ஒரே ஒரு நிமிடம் சுருங்கியிருக்கிறது! நீங்கள் ஆபீஸில் மாவை நினைக்கிற நேரம் இதில் ஆபீஸ் வேலையாகத்தான் பதிவாகும்.

ஈரோட்டுப் பாட்டி:
கண்ணு, ஒப்படைச்சா அதோட விட்டுடணும். மாவு தண்ணியா இருக்கு, சரியாப் பொங்கலைன்னு கரண்டியோட போய் நிக்காதே. திருத்தப் போனா வேலை திரும்ப உன் கைக்கே வந்துடும். “என் பையன் மாவாட்டறானே”ன்னு மாமியார் முகத்தைச் சுளிச்சா, அதுக்கு உன் வீட்டுக்காரரே பதில் சொல்லட்டும்.

கோவைக்காரி:
சரி பாட்டி, மாவு இன்றிலிருந்து அவருடையது. அத்தை ஏற்கெனவே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்! அடுத்து கேஸ். இணைப்பு என் பெயரில், ஓடிபி என் போனுக்கு வருகிறது. டெலிவரி பையன் வாசலில் நின்றுகொண்டு என்னைத்தான் ஆபீஸுக்குக் கூப்பிடுகிறார்.

மலைக்கோட்டையான்:
இணைப்பு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். ஏஜென்சியில் சொல்லி, பதிவான நம்பரை மட்டும் அவருடையதாக மாற்றுங்கள். புக்கிங்கும் அவர் போனிலிருந்தே போகும், ஓடிபியும் அங்கேயே வரும்.