ஒரு டப்பா யூரினில் எல்லா கேன்சரும் தெரிந்துவிடுமா?

கேள்வி – தென்காசிக்காரன்:
அப்பாவுக்கு 61 வயது, முப்பது வருஷமாக பீடி. யூரினில் உள்ள கெமிக்கல்களை வைத்தே கேன்சரை ஆரம்பத்தில் கண்டுபிடிக்கலாம் என்று ஃபேமிலி குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. ஆஸ்பத்திரி என்றாலே ஓடுகிற மனுஷன், "டப்பாவில் பிடித்துக் கொடுக்கிறேன், ஊசிகூட வேண்டாமே" என்கிறார். போன மாதம் ஒருநாள் சிறுநீர் சிவப்பாகப் போனதாம், வலி இல்லை, மறுநாள் சரியாகிவிட்டதாம், உடம்புச் சூடு என்று இளநீர் குடித்ததோடு சரி. இந்த டெஸ்டுக்குப் பணம் கட்டலாமா?

லேப் பையன்:
வீடியோ முழுப் பொய் இல்லை. நியூரோபிளாஸ்டோமா என்று சின்னக் குழந்தைகளுக்கு வரும் கட்டி, விஎம்ஏ, எச்விஏ என்ற இரண்டு பொருள்களை யூரினில் தள்ளும். நாங்களே அதைப் பார்க்கிறோம், நிறையத் தண்ணீர் குடித்தால் அளவு நீர்த்துவிடும் என்பதால் யூரினில் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் கழிவான கிரியாட்டினினோடு ஒப்பிட்டுத்தான் ரிப்போர்ட் போடுவோம். ஜப்பானில் 1980-களின் நடுவிலிருந்து நாடு முழுக்க ஆறு மாதக் குழந்தைகளுக்கு இந்த டெஸ்ட் எடுத்தார்கள். கட்டிகள் என்னவோ நிறைய அகப்பட்டன, ஆனால் பல தானாகவே சுருங்கிப் போகிற ரகம், அதற்கும் ஆபரேஷன், மருந்து என்று பிள்ளைகள் பட்டதுதான் மிச்சம். ஜெர்மனியிலும் கனடாவின் கியூபெக்கிலும் நடந்த ஆய்வுகள் 2002-ல் வெளிவந்தன, டெஸ்ட் எடுத்ததால் சாவு குறையவில்லை. அப்புறம் ஜப்பானும் நிறுத்திவிட்டது. எல்லா கேன்சருக்கும் ஒரே டப்பா என்பவர்களிடம் நான் இதைத்தான் கேட்பேன்: கண்டுபிடித்து யார் பிழைத்தார்கள்?

முத்துலட்சுமி:
தம்பி, வீடியோவை விடுங்கள், அந்தச் சிவப்பைப் பாருங்கள். எங்கள் மாமாவும் இதே மாதிரி சூடு, சூடு என்றே எட்டு மாதம் ஓட்டினார், கடைசியில் மூத்திரப்பையில் கட்டி. பீடியின் விஷத்தைக் கிட்னி வடிகட்டி அங்கேதான் அனுப்புகிறது, அது மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது. ரத்தம் நின்றுவிட்டது என்று சும்மா இருக்கக் கூடாது. இந்த வாரமே யூராலஜி டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஸ்கேன், சைட்டாலஜி (யூரினில் உதிர்ந்த செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது), தேவைப்பட்டால் சிஸ்டோஸ்கோப்பி, அதாவது கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டுப் பார்ப்பார்கள்.

தென்காசிக்காரன்:
அக்கா, வியாழக்கிழமைக்கு டோக்கன் போட்டாயிற்று. குழாயை எந்த வழியாக விடுவார்கள் என்று மட்டும் மூன்று தடவை கேட்டுவிட்டார்.

முத்துலட்சுமி:
அந்த வழியாகத்தான், மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மரத்துப்போக ஜெல் தடவுவார்கள். இரண்டு நாள் எரியும், அதற்கு இளநீர் குடிக்கட்டும்.