ரீல்ஸுக்குச் 'சுபம்' போடுவது யார்?

பட்டறைக்காரன், செவ்வாய்ப்பேட்டை

போன மாதம் ஒரு நாள் போனில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்று இருக்கிற இடத்தைத் திறந்து பார்த்தேன். முந்தின நாள் மட்டும் போன் பார்த்தது 4 மணி 40 நிமிடம். அதில் வேலை விஷயம் 40 நிமிடம் இருக்கும். மீதி முழுக்க ரீல்ஸும் ஷார்ட்ஸும்தான்.

தினமும் 4 மணி நேரம் என்றால் வருடத்துக்கு 1,460 மணி நேரம். ஒரு நாளில் நாம் விழித்திருப்பது 16 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 91 நாள் ஆகிறது. தைப் பொங்கலன்று போனை எடுத்து உட்கார்ந்தவன் சித்திரை பிறக்கும்போதுதான் எழுந்திருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் இப்படி.

எனக்குக் கொலுசு பற்றவைக்கிற வேலை. வெள்ளி 961 டிகிரியில் உருகும். பற்றவைக்கும் பொடி அதற்கு முன்பே இளகிவிட வேண்டும். நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியில்தான் எங்கள் பிழைப்பு. இரவு ஒரு மணி வரை போன் பார்த்துவிட்டு வந்த ஒரு காலையில், சுடரை ஒரு நொடி அதிகம் காட்டிவிட்டேன். வளையமெல்லாம் குழைந்து ஒட்டிக்கொண்டது. அன்றைக்கே இரண்டு செயலிகளையும் எடுத்துவிட்டேன்.

முதல் வாரம் கை சும்மா இருக்கவில்லை. அப்புறம் அப்பாவின் பழைய டிசைன் நோட்டை எடுத்து வரைய ஆரம்பித்தேன். இதுவரை 11 டிசைன் ஆகிவிட்டது. அதனால் சொல்கிறேன், எல்லோருமே இதை விடவேண்டும். நம் வாழ்நாளைத் தின்கிறது.

தறிச்சத்தம், இளம்பிள்ளை

தம்பி, உங்கள் டிசைன் நன்றாக வரட்டும். ஆனால் 'எல்லோருமே' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை.

எனக்கு 12 மணி நேர ஷிப்ட். நாலு தறிக்கு நடுவில் நின்றுகொண்டே இருப்பேன். தார் (குறுக்கு நூல் சுற்றிய குழல்) தீர்ந்தால் மாற்ற வேண்டும், பாவு இழை (நெடுக்கு நூல்) அறுந்தால் ஓடிப்போய் முடிய வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் தறி ஓடிக்கொண்டிருக்கும். சமைத்து, பாத்திரம் கழுவி, பிள்ளைகளைத் தூங்கவைத்து இரவு 10 மணிக்கு உட்காருகிறேன். என் நாளில் எனக்கென்று இருப்பது அந்த ஒரு மணி நேரம்தான். அதிலும் 'உருப்படியாக எதையாவது செய்' என்றால், நான் எப்போதுதான் ஒன்றும் செய்யாமல் இருப்பது?

டீக்கடை பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிற ஆண்களிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. நான் ஜாக்கெட் வெட்டக் கற்றுக்கொண்டதும் இந்தப் போனில்தான். அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

பழைய ஆபரேட்டர், சேலம் டவுன்

நான் 22 வருடம் தியேட்டரில் புரொஜெக்டர் ஓட்டியவன். 'ரீல்' என்ற சொல்லை இன்றைக்கு எதற்கெல்லாமோ சொல்கிறார்கள். அதனால் அசல் ரீலைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

35 எம்எம் படச்சுருளில் ஆயிரம் அடி என்பது 11 நிமிடம். அது முடியப்போகிறது என்றால் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வரும். அதைப் பார்த்ததும் நான் அடுத்த மெஷினுக்கு மாற்றுவேன். இடைவேளை வரும், விளக்கு எரியும், ஜனங்கள் எழுந்து வெளியே போய் முறுக்கு வாங்குவார்கள். கடைசியில் 'சுபம்' அல்லது 'வணக்கம்' என்று போட்டதும் கதவைத் திறந்துவிடுவோம். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற படக் கம்பெனியின் வளைவு இன்னும் நிற்கிறது. அந்தக் கம்பெனியிலிருந்து மட்டும் நூறு படங்களுக்கு மேல் வந்தன. எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும் முடிந்ததும் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

போனில் அந்தக் கதவை எடுத்துவிட்டார்கள். கீழே தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வருகிற முறையை 2006-ல் வடிவமைத்தவர் ஆசா ராஸ்கின். அதற்காகப் பின்னாளில் அவரே வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். எங்களுக்குப் போட்டி தூக்கம்தான் என்று நெட்ஃபிளிக்ஸின் அப்போதைய தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017-ல் வெளிப்படையாகவே சொன்னார். அம்மணி கேட்கிற ஒரு மணி நேர ஓய்வு நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது ஒரு மணி நேரத்தில் முடிகிறதா என்பதுதான் என் கேள்வி.

கொண்டை ஊசி 20, ஏற்காடு

ஐயா, உங்களுக்கும் பட்டறை அண்ணாவுக்கும் நான் எதிர்க்கட்சி.

எங்கள் ஊர் நாகலூர்ப் பக்கம். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் காபித் தோட்டத்தில் வேலை. நான் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். சேலத்தில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போவதென்றால் 20 வளைவும் இறங்கி, மறுபடி ஏறவேண்டும். பஸ் காசு, அரை நாள், வயிற்றுக் குமட்டல். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை இறங்கிய பிறகுதான் எங்களைப் போன்ற வீடுகளுக்கு வாத்தியார் வந்தார். அந்த வாத்தியார் போனுக்குள் இருக்கிறார்.

2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். பழம் பறிக்கும்போது பாட்டுக்கு வாயசைத்து வீடியோ போட்ட அக்காமார் எங்கள் தோட்டத்திலும் இருந்தார்கள். வெளியில் இருப்பவர்களுக்கு அது வெட்டி வேலை. அவர்களைத் தெரியாதவர்கள் முதல்முறையாக அவர்களைப் பார்த்தது அதில்தான். எது வீண், எது வீணில்லை என்பதை வேறொருவர் முடிவு செய்யக் கூடாது. கட்டுப்பாடு இல்லாவிட்டால் அது அவரவர் பிரச்சினை. போனைத் திட்டாதீர்கள்.

மரவள்ளி, வாழப்பாடி

கிழங்கு விலையும் மழை நிலவரமும் எனக்குப் போனில்தான் தெரிகிறது. கொண்டை ஊசித் தம்பி சொல்வது சரி.

பட்டறைக்காரன், செவ்வாய்ப்பேட்டை

அக்கா, 'எல்லோருமே' என்று எழுதியது தவறு. அதை எடுத்துவிடுகிறேன். உங்கள் ஓய்வில் கைவைக்க எனக்கு உரிமை இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். போனைக் கீழே வைக்கும்போது உங்களுக்கு உடம்பு லேசாக இருக்கிறதா? எனக்கு ஒரு நாள்கூட அப்படி இருந்ததில்லை. கண் எரியும், கழுத்து வலிக்கும், யார் மேலோ எரிச்சலாக வரும். கடைசியாகப் பார்த்த பத்து வீடியோ என்ன என்று கேட்டால் இரண்டுகூடச் சொல்லத் தெரியாது. சாப்பிட்டும் பசி அடங்கவில்லை என்றால் அதைச் சாப்பாடு என்று எப்படிச் சொல்வது? ஓய்வு என்று நினைத்து நான் செய்ததெல்லாம் இன்னொரு ஷிப்ட்.

கொண்டை ஊசித் தம்பி, கட்டுப்பாடு அவரவர் பிரச்சினை என்கிறீர்கள். அடுத்த முறை பாடத்துக்காகத் திறக்கும்போது மணி பாருங்கள், மூடும்போதும் பாருங்கள். அப்புறம் பேசுவோம்.

தறிச்சத்தம், இளம்பிள்ளை

கோபம் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், 10 மணிக்கு எடுத்தால் பல நாள் பன்னிரண்டரை ஆகிவிடுகிறது. காலையில் ஐந்து மணிக்கு எழ முடியவில்லை.

ஆனால் இதையும் கேளுங்கள். உங்களிடம் அப்பாவின் நோட்டு இருந்தது. என்னிடம் என்ன இருக்கிறது? ஷிப்ட் முடிவதற்குள் நூலகம் மூடிவிடும். இரவு 10 மணிக்கு ஒரு பெண் தனியாக நடந்துவிட்டு வருகிற தெரு எங்கள் ஊரில் கிடையாது. பக்கத்து வீட்டில் எல்லோரும் படுத்துவிடுவார்கள். போனை வைத்துவிட்டால் சுவர்தான். பன்னிரண்டரை வரை உட்கார வைக்கிற மாதிரி அதைச் செய்தவனை விட்டுவிட்டு, நாள் முழுக்க நின்றவளைப் பார்த்து 'உனக்குக் கட்டுப்பாடு இல்லை' என்கிறார்கள். அதுதான் எனக்கு வலிக்கிறது.

பழைய ஆபரேட்டர், சேலம் டவுன்

அம்மணி சொல்வது என் நெஞ்சில் தைக்கிறது. தியேட்டரில் மூடுகிற வேலை என்னுடையது, படம் பார்க்கிறவருடையது இல்லை. இப்போது அந்த வேலையையும் பார்க்கிறவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

முடிந்த வரை நாமே ஒரு கதவு வைக்கலாம். என் பேரன் செய்துகொடுத்தது: யூடியூப் அமைப்புகளில் 'வாட்ச் ஹிஸ்டரி'யை நிறுத்தி, பழையதையும் அழித்துவிட்டால் முகப்புப் பக்கம் காலியாகத்தான் வரும். அது எதையும் எடுத்து நீட்டாது. வேண்டியதை நாமே தேடிப் பார்க்க வேண்டும். 'ஆட்டோபிளே'யையும் அணைத்துவிட்டால் ஒன்று முடிந்ததும் நின்றுவிடும். பாட்டும் இருக்கும், ஜாக்கெட் வெட்டுவதும் இருக்கும்.

கொண்டை ஊசி 20, ஏற்காடு

பட்டறை அண்ணா, நீங்கள் சொன்னபடி மணி பார்த்தேன். நடப்பு நிகழ்வுகள் வீடியோ 14 நிமிடம். நான் போனை மூடியது 55 நிமிடம் கழித்து. மூன்று நாளும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

இருந்தாலும் என் வாதத்தை நான் விடவில்லை. போன் இல்லாமல் எனக்குப் படிப்பு இல்லை. இப்போது பாடங்களை மட்டும் தரவிறக்கி வைத்துக்கொண்டு டேட்டாவை அணைத்துவிடுகிறேன். இது எனக்குச் சரிப்படுகிறது. காபி பறிக்கும் அக்காமாரிடம் போய் இதைச் சொல்லமாட்டேன்.

தறிச்சத்தம், இளம்பிள்ளை

ஐந்து நாள் கழித்து வருகிறேன். ஆபரேட்டர் ஐயா சொன்னதை என் மகள் செய்துகொடுத்தாள். முதல் நாள் அந்தக் காலிப் பக்கத்தைப் பார்த்ததும் பயமாகக்கூட இருந்தது, யாரும் இல்லாத வீடு மாதிரி. எனக்கு என்ன பார்க்க வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. அப்புறம் சின்ன வயதில் அம்மாவோடு பார்த்த ஒரு படத்தைத் தேடி எடுத்தேன். இரண்டு நாளாகப் பார்த்தேன், கடைசி வரை. இரண்டு நாளும் 11.15-க்குத் தூங்கிவிட்டேன்.

உங்கள் கட்சிக்கு வந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம் தம்பி. ஒரு நாள் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் பழையபடி போட்டு, 12 மணி வரை பார்த்தேன். அன்றைக்குத் தறியில் மூன்று முறை சேலை கெட்டு முதலாளியிடம் பேச்சு வாங்கியிருந்தேன். அப்படிப்பட்ட நாளில் மறுபடியும் பார்ப்பேன். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த 11 கொலுசு டிசைன் சொன்னீர்களே, அதில் மாங்காய், கொடி ஏதாவது இருக்கிறதா? எங்கள் முதலாளி சேலை பார்டருக்குப் புது டிசைன் தேடுகிறார்.

பட்டறைக்காரன், செவ்வாய்ப்பேட்டை

இருக்கிறது அக்கா. மாங்காய் மூன்று, கொடி இரண்டு. சும்மா வெள்ளைத்தாளில் வரைந்திருக்கிறேன். அப்படியே அனுப்பட்டுமா?

தறிச்சத்தம், இளம்பிள்ளை

வெள்ளைத்தாள் ஆகாது. டிசைனுக்கு ஏற்ப தறி அட்டையில் துளை அடிக்கிறவர் கட்டம் எண்ணித்தான் அடிப்பார். கட்டத்தாளில் போடுங்கள். எங்கள் பார்டர் ஜக்கார்டு (தறியில் டிசைன் போடுகிற பெட்டி) 120 கொக்கி, அகலத்தில் 120 கட்டத்தைத் தாண்டக் கூடாது. கொடியை முதலில் அனுப்புங்கள்.