பயாலஜியும் கெமிஸ்ட்ரியும் சேர்ந்த டிகிரிக்கு ஸ்காட்லாந்து வந்திருக்கும் நம்ம குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு

மக்களே, நான் நாகர்கோவில். இதே மாதிரி இரண்டும் சேர்ந்த டிகிரியை இங்கே முடித்தவன். முதலில் வீட்டுக்குச் சொல்ல வேண்டியது: இங்கிலாந்தில் ஹானர்ஸ் 3 வருஷம், ஸ்காட்லாந்தில் 4. அப்பா லோன் கணக்குப் போடும்போது அந்த ஒரு வருஷம் விட்டுப்போய்விடக் கூடாது. டிகிரி மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். லேப் இருக்கும் வாரங்களில் அதில் பாதி போதும், நம்புங்கள்.

லேப்தான் நம்மைச் சோதிக்கிற இடம். பிளஸ் டூவில் டைட்ரேஷன் ரீடிங் ஒத்துவராவிட்டால் லேசாக மாற்றி எழுதிப் பழகியிருப்போம். முதல் வருஷம் நானும் 24.60-ஐ 24.40 ஆக்கினேன். நோட்டைப் பார்த்த டெமான்ஸ்ட்ரேட்டர் (லேபில் சொல்லிக்கொடுத்து மேற்பார்ப்பவர்) நான் அடித்த இடத்தில் விரலை வைத்து, "முதலில் என்ன வந்தது?" என்று மட்டும் கேட்டார். தப்பான ரீடிங்குக்கு மார்க் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மாற்றி எழுதினால் அது ஒழுங்கு நடவடிக்கை வரை போகும். பேனாவில் எழுதுங்கள், தப்பை ஒரே கோட்டால் அடியுங்கள், பக்கத்தைக் கிழிக்காதீர்கள்.

அப்புறம், இரண்டு பாடத்தையும் தனித்தனியாகப் படிக்காதீர்கள். நம்ம மரச்சீனிக் கிழங்கையே (மரவள்ளி) பாருங்கள். நறுக்கும்போது செல் உடைந்து, கிழங்கில் இருக்கும் லினமரின் என்ற பொருளும் அதைப் பிளக்கும் லினமரேஸ் என்சைமும் ஒன்றுசேர்ந்து, கடைசியில் ஹைட்ரஜன் சயனைடு என்ற விஷம் வருகிறது. அதன் கொதிநிலை சுமார் 26 டிகிரிதான், அதனால் திறந்த பாத்திரத்தில் ஆவியாகிப் போய்விடும். மிச்சமிருக்கும் லினமரின் தண்ணீரில் கரையும். பாட்டி கிழங்கு வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டியது இதனால்தான். என்சைம் பயாலஜி வகுப்பில் வரும், கொதிநிலையும் கரைதிறனும் கெமிஸ்ட்ரியில் வரும், ஆனால் பானை ஒன்றுதான். எனக்கு இது புரிய இரண்டாம் வருஷம் ஆனது. (இங்கே ஆப்பிரிக்கக் கடைகளில் கசாவா என்று கேளுங்கள், இலங்கைத் தமிழர் கடையில் மரவள்ளி.)

மூன்றாம் வருஷப் பாடங்களைத் தேர்வு செய்யும் முன், உங்கள் டிகிரிக்கு ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி (இங்குள்ள வேதியியலாளர்களின் தொழில்முறை அமைப்பு) அங்கீகாரம் உண்டா என்று துறையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூட்டு டிகிரி என்றால் தனி கெமிஸ்ட்ரிக்கு இருக்கும் அங்கீகாரம் தானாக வந்துவிடாது. கெமிஸ்ட்ரி பக்கம் வேலைக்குப் போக நினைப்பவர்கள் இதை முதல் வருஷத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.