எட்டு போடத் தெரிந்தால் போதுமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திண்டுக்கல்லில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். "லைசென்ஸ் எப்போ சார் கைக்கு வரும்?" இதுதான் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி. எல்எல்ஆர் போட்டு 30 நாள் ஆன பிறகுதான் ஆர்டிஓ ஆபீஸில் ஓட்டிக் காட்ட முடியும் என்றால் முகம் வாடிவிடும். அந்த நாட்கள் பழகுவதற்காக வைத்தவை. ஆனால் பலர் கடைசி வாரம்தான் எட்டிப் பார்க்கிறார்கள். கிளட்ச், கியர், ரிவர்ஸ் வந்துவிட்டால் பாடம் முடிந்தது என்ற நினைப்பு.

சமீபத்தில் ஒரு கல்லூரிப் பையன் வத்தலக்குண்டு சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தான். நன்றாகவே ஓட்டினான். மடியில் வைத்திருந்த போன் அதிர்ந்தது. அவன் எடுக்கவில்லை, யார் என்று குனிந்து பார்த்தான், அவ்வளவுதான். கார் இடது பக்கம் ஒதுங்கிவிட்டது. அங்கே புல்லுக்கட்டோடு ஒரு பெரியவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். பயிற்சி வண்டி என்பதால் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து நிறுத்தினேன்.

திட்டவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டுக் கணக்குப் போடச் சொன்னேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடும். 2 நொடி குனிந்தால் 33 மீட்டர், மூன்று பஸ்ஸை வரிசையாக நிறுத்திய நீளம். அந்தத் தூரத்தை நடந்தே பார்த்துவிட்டு வா என்று அனுப்பினேன். திரும்பி வந்தவன் போனை அணைத்துப் பின் சீட்டில் போட்டான். இப்போது புதிதாகச் சேரும் எல்லோரையும் சாவியைத் தருவதற்கு முன்பே அந்த 33 மீட்டர் நடக்க வைக்கிறேன்.

உங்கள் ஊரில் நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்.

நாமக்கல்லிலிருந்து:
என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். அவர் வண்டியில் இருக்கும்போது வீட்டிலிருந்து யாரும் கூப்பிட மாட்டோம். மெசேஜ் போட்டுவிட்டுக் காத்திருப்போம். டீக்கு நிறுத்தும்போது அவரே கூப்பிடுவார். பிள்ளைகளுக்கும் அது பழகிவிட்டது. தொல்லை லோடு கொடுத்தவர்களிடமிருந்துதான். "எங்க வர்ற, எங்க வர்ற" என்று ஓயாமல் அடிப்பார்கள், எடுக்காவிட்டால் கோபம் வேறு. போலீஸ் பிடிப்பது ஓட்டுகிறவரை மட்டும்தான். ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தே கூப்பிட்டவரை யார் கேட்கிறார்கள்? தயவுசெய்து, எதிர்முனையில் ஹாரன் சத்தம் கேட்டால் "நிறுத்திட்டுப் பேசுங்க" என்று சொல்லி நீங்களே வைத்துவிடுங்கள். அவசரமான சேதியாக இருந்தால் அதற்கே முதலில் வண்டியை நிறுத்தத்தானே வேண்டும்?

மதுரையிலிருந்து:
இங்கே ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசியபடி போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். கேட்டால் "கை ஹேண்டில்பார்லதானே இருக்கு" என்பார்கள். காரில் ப்ளூடூத் இருந்தால் பிரச்சினையே இல்லை என்று என் அண்ணனும் வாதாடுகிறார். உண்மையில் ப்ளூடூத் பரவாயில்லையா?

திண்டுக்கல்லிலிருந்து, மறுபடியும்:
பரவாயில்லை என்று நான் சொல்ல மாட்டேன். கை சும்மா இருந்தாலும் மனசு பேச்சோடு போய்விடுகிறது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் என்ற உளவியல் பேராசிரியர் இதைப் பல வருடம் ஆராய்ந்தவர். கையில் பிடித்துப் பேசினாலும் கை படாமல் பேசினாலும் கவனம் சிதறத்தான் செய்கிறது என்று காட்டினார். கண் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும், எதிரில் இருப்பது மட்டும் மனசில் பதியாது. போனில் பேசியபடி ஓட்டுகிறவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவதை 184ஆம் பிரிவில், ஆபத்தாக ஓட்டும் குற்றத்தோடு சேர்த்திருக்கிறது. சிறைத் தண்டனைக்கும் அதில் இடம் உண்டு. அதில் ப்ளூடூத் வராது என்று அண்ணன் சொல்லக்கூடும். சரி, அபராதம் வராமல் இருக்கலாம், குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கு அதனால் என்ன லாபம்? அவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

மேப் மட்டும் தேவைப்படும். போக வேண்டிய இடத்தைக் கிளம்பும் முன்பே போட்டுவிட்டு, போனை ஸ்டாண்டில் மாட்டி, குரலை மட்டும் கேட்டு ஓட்டச் சொல்லுங்கள். வழி தவறிவிட்டால் ஓரங்கட்டி நிறுத்திய பிறகு தொடட்டும்.