தண்ணீர் இல்லாத கண்மாயில் ஆனைமலை தலைகீழாகத் தெரியலாமா?

கருவிழி:
நம் புகைப்படக் குழுவின் இந்த மாதப் போட்டியில் நிலக்காட்சிப் பிரிவில் முதலிடம் பெற்ற படத்தைப் பற்றி மூன்று நாள்களாகத் தனிமடல்கள் வந்துகொண்டே இருப்பதால், பேச்சைப் பொதுவில் வைத்துவிடுகிறேன். படம், மதுரை ஒத்தக்கடைப் பக்கத்து ஆனைமலை. முன்னால் ஒரு கண்மாய். எதிர்க்கரையில் நான்கு பனைமரங்கள். நீருக்குள் பனைகளும், படுத்திருக்கும் யானை போன்ற அந்தப் பாறையும் தலைகீழாகத் தெரிகின்றன. படம் எடுத்த அன்று கண்மாயில் சொட்டுத் தண்ணீர்கூட இல்லை என்பதையும், கீழ்ப்பாதி முழுவதும் மேல்பாதியைப் புரட்டி ஒட்டியதுதான் என்பதையும், பரிசு அறிவித்த பிறகு கேட்டபோது படத்தை எடுத்த மீன்கொத்தி மறைக்காமல் ஒப்புக்கொண்டார். போட்டி விதியில் ‘நிறத் திருத்தம், ஓரம் வெட்டுதல் அனுமதிக்கப்படும்’ என்று மட்டும் எழுதியிருந்தேன். எது கூடாது என்று எழுதவில்லை. அந்தத் தவறு என்னுடையது. பரிசைத் திரும்பப் பெறலாமா, வேண்டாமா என்பதை உங்கள் வாதங்களைப் படித்துவிட்டு முடிவு செய்கிறேன்.

மீன்கொத்தி:
நான் செய்தி நிருபர் அல்லன். இது செய்திப் படமும் அன்று. பொத்தானை ஒருமுறை அழுத்திப் புரட்டிவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். படத்தின் அடுக்கை (லேயர்) நகலெடுத்துச் செங்குத்தாகப் புரட்டியது ஒரு நிமிட வேலை. மீதி நான்கு மணி நேரமும் அதைத் தண்ணீராக்குவதில் போயிற்று. வேறொரு குளத்தில் நானே எடுத்து வைத்திருந்த சிற்றலைப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, ஒரு படத்தின் இருள், வெளிச்சத்துக்கு ஏற்ப இன்னொரு படத்தை நெளித்துக் காட்டும் போட்டோஷாப்பின் டிஸ்ப்ளேஸ் வடிகட்டிக்கு வரைபடமாகக் கொடுத்தேன். அலை கிட்டத்தில் அகலமாகவும் எட்டத்தில் கோடு கோடாகவும் தெரியும் என்பதால், அந்த வரைபடத்தை எதிர்க்கரைப் பக்கம் நெருக்கியும் என் பக்கம் விரித்தும் அமைத்தேன். செங்குத்தாக மட்டும் லேசாக மங்கலாக்கினேன், ஏனென்றால் சிற்றலை பிம்பத்தை மேலும் கீழுமாக இழுக்குமே தவிர, பக்கவாட்டில் அவ்வளவாகக் கலைக்காது. இத்தனையும் கவனித்துச் செய்த ஒன்றை ‘ஏமாற்று’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவது நியாயமாகப் படவில்லை.

ஒளிவிலகல்:
உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இருந்தும், பள்ளியில் இயற்பியல் நடத்துகிற எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் கண்ணில் உறுத்தியது பனைமரமும் மலையும் வெட்டிக்கொள்ளும் இடம்தான். நீரில் தெரிவது, நாம் கரையிலிருந்து பார்க்கும் காட்சியின் புரட்டல் அன்று. நம் கண் நீர்மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு கீழே ஒரு கண்ணை வைத்து அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியுமோ, அதுதான் நீரில் தெரிகிறது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பனை 40 மீட்டர் தொலைவிலும், 100 மீட்டர் உயர மலை ஒன்று 1,000 மீட்டர் தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். கேமரா நீர்மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். நேரில் பார்த்தால் மலையின் முகடு, பனையின் அடியிலிருந்து ஏறத்தாழ 5.4 மீட்டர் உயரத்தில் அதை வெட்டும். பிம்பத்திலோ 2.6 மீட்டரிலேயே வெட்டிவிடும், அதாவது நீருக்குள் மலை பாதிக்குமேல் தாழ்ந்து பனைக்குப் பின்னால் ஒதுங்கும். இதையே 4 மீட்டர் உயரக் கரையில் ஏறி நின்று எடுத்தால், நேரில் 7.8 மீட்டரில் வெட்டுகிற முகடு பிம்பத்தில் அரையடி உயரத்துக்கு வந்துவிடும். எதிர்க்கரையே அதை விழுங்கிவிடும். மீன்கொத்தியின் படத்தில் மேலேயும் கீழேயும் பனையின் நடுமட்டத்தில்தான் யானையின் முதுகு இருக்கிறது. நிஜக் கண்மாயில் அப்படித் தெரிய வேண்டுமானால் கேமராவைத் தண்ணீரை உரசுகிற மாதிரி வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, வெளிச்சம். நீரை நேர் மேலிருந்து பார்த்தால் விழும் ஒளியில் 2 சதவீதம்தான் திரும்பி வரும். நீர்ப்பரப்போடு 30 பாகை சாய்வில் 6 சதவீதம். 10 பாகைக்கு இறங்கினால் சுமார் 35 சதவீதம். அதனால் எதிர்க்கரை ஓரத்தில் தெளிவாக இருக்கிற பிம்பம், நம் காலடியை நெருங்க நெருங்க மங்கி, தண்ணீரின் சொந்த நிறமும் அடிமண்ணும் தெரியத் தொடங்கும். இந்தப் படத்தில் காலடிவரை ஒரே பளபளப்பு. முகம் பார்க்கும் கண்ணாடிக்கு அது சரி.

இருட்டறைக்காரர்:
ஆசிரியர் ஐயாவின் கணக்கு சரிதான், ஆனால் அது படம் சரியாகச் செய்யப்படவில்லை என்பதற்கான வாதமே ஒழிய, செய்யக் கூடாது என்பதற்கானது அன்று. முப்பது ஆண்டுகள் ஸ்டூடியோ நடத்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். திருத்தாத காலம் என்று ஒன்று இருந்ததே இல்லை. 1850களில் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே கடற்காட்சிகளை எடுத்தபோது, அன்றைய கண்ணாடித் தகடு நீல ஒளிக்கு மிகையாக இசைந்ததால், கடல் சரியாக விழுந்தால் வானம் வெளிறிப் போயிற்று. அவர் வானத்துக்கு ஒரு தகடும் கடலுக்கு ஒரு தகடுமாக எடுத்து, தொடுவானக் கோட்டில் இரண்டையும் சேர்த்து ஒரே தாளில் அச்சிட்டார். ஒரே மேகத்தை வேறு வேறு கடல்களுக்கு மேலே வைத்ததும் உண்டு. அவற்றை இன்று அருங்காட்சியகங்கள் பாதுகாத்து வைத்திருக்கின்றன. எங்கள் ஸ்டூடியோத் திரையில் ஏரியும் அன்னமும் வரைந்திருக்கும். அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்ட எந்தக் குடும்பமும் ஏரிக்குப் போய்வந்ததாக ஊரை ஏமாற்றவில்லை.

வைகறை:
அண்ணன் சொன்ன திரைதான் என் பதிலும். திரை என்பது பார்த்தவுடனே தெரிகிறது. தெரியாமல் செய்ததற்கு என்ன நடந்தது என்பதையும் பார்ப்போம். 1982 பிப்ரவரி நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டையில், கிடைமட்டப் படத்தைச் செங்குத்து அட்டைக்குள் அடக்குவதற்காகக் கீசாவின் பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்தார்கள். அந்தக் கண்டனம் இன்றுவரை அந்த இதழைத் துரத்துகிறது. பிரிட்டனில் நிலக்காட்சிப் புகைப்படக்காரருக்கான ஆண்டுப் போட்டியில் 2012இல் முதல் பரிசு பெற்றவர், அளவுக்கு மீறித் திருத்தியதாகத் தெரியவந்ததும் பரிசை இழந்தார். அங்கே விதி எழுதப்பட்டிருந்தது. இங்கே இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு. இதே போட்டிக்கு நான் அனுப்பிய படத்துக்காக விடியற்காலை நான்கரை மணிக்குக் கிளம்பி, காற்று அடங்குவதற்காகக் கரையில் கொசுக்கடியோடு காத்திருந்தேன். காற்று அடங்கியது பத்து நிமிடம். பொறாமை என்று யாரேனும் சொன்னால் முழுவதும் மறுக்கவும் மாட்டேன்.

மீன்கொத்தி:
காத்திருப்பது அறம், கணினி முன் உட்கார்ந்திருப்பது பாவம் என்றால் எனக்குப் பதில் இல்லை. நீங்கள் லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் வடிகட்டியைத் திருப்பி நீரின் மினுமினுப்பைக் குறைக்கிறீர்கள். நீண்ட திறப்பு நேரம் வைத்து, அலையடிக்கிற நீரைப் பாலாடை போலாக்குகிறீர்கள். அந்த நீரையும் யாரும் கண்ணால் கண்டதில்லை.

பாசனக்காரன்:
எனக்கு கேமராவைப் பற்றி ஒன்றும் தெரியாது. மகன் இந்தக் குழுவில் இருப்பதால் படிக்கிறேன். அந்தக் கண்மாயின் ஆயக்கட்டில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. அது கடைசியாக எப்போது நிரம்பி மறுகால் பாய்ந்தது என்று கேட்டால், எங்கள் தெருவில் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் பாதி தூர்ந்துவிட்டது. உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம். மீன்கொத்தி தம்பி அந்த முள்ளையெல்லாம் அழித்துவிட்டுத் தண்ணீரை நிரப்பியிருக்கிறார். அவர் அதை அழகுக்காகச் செய்தார் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் அந்தப் படம் நாலு பேர் கைக்குப் போன பிறகு, பெரிய கண்மாய் நிறைந்துவிட்டது என்று எழுதி எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கே அது திரும்பி வந்தது. வெளியூரில் வேலை செய்கிற என் தம்பி அதைப் பார்த்துவிட்டு, நாற்றுப் பாவியாயிற்றா என்று கேட்டு போன் செய்தான்.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் பல ஆண்டுகள் வறண்டு, பையன்கள் கிரிக்கெட் ஆடிய மைதானமாகக் கிடந்ததை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தைத் தெப்பத்தன்று தெப்பம் மிதக்க வழியில்லாமல் நிலைத்தெப்பமாக நின்றது. அந்த வருடங்களில் ஒருவர் மைய மண்டபத்தைச் சுற்றி இப்படித் தண்ணீரை ஒட்டிப் படம் வெளியிட்டிருந்தால், பிறகு வரும் பிள்ளைகள் அதைத்தானே சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள்? ஆகாயத்தில் மேகத்தைக் கூட்டுங்கள், சூரியனைப் பெரிதாக்குங்கள், எனக்கு வழக்கில்லை. எங்கள் பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது அலங்காரம் இல்லை.

வைகறை:
நான் நான்கரை மணிக்கு எழுந்த கதையை இந்தப் பதிலுக்கு முன்னால் எழுதியதற்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

இருட்டறைக்காரர்:
பெரியவரின் சொல்லுக்கு நான் எதிர்வாதம் வைக்கப் போவதில்லை. ஆனாலும் பிம்பத்தைக் கற்பனையாகக் கையாளவே கூடாது என்ற முடிவுக்கு இந்தப் பேச்சு போய்விடக் கூடாது என்பதற்காக ஒரு படத்தைச் சொல்கிறேன். ஜப்பானின் ஹொகுசாய், ஃபூஜி மலையைப் பற்றிய தம் மரச்செதுக்கு அச்சு வரிசையில், கவாகுச்சி ஏரியில் அந்த மலை தெரிவதாக ஒன்று செய்திருக்கிறார். கரைக்கு மேலே நிற்கும் மலை கோடைகாலத்து மலை, பனி இல்லாமல் மொட்டையாக இருக்கிறது. நீரில் விழுந்த பிம்பத்திலோ உச்சி முழுவதும் பனி மூடியிருக்கிறது. அதோடு பிம்பம் மலைக்கு நேர் கீழே விழாமல் பக்கவாட்டில் விலகி விழுகிறது. ஆசிரியர் ஐயா மதிப்பெண் போட்டால் பூஜ்யம்தான் கிடைக்கும். ஆனால் அதைப் பார்த்து யாரும் ஏமாறுவதில்லை, ஏனென்றால் தவறு கண்ணுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறது. தம்பி மீன்கொத்தியின் படத்தில் எனக்கு இருக்கிற குறை, அது போதுமான அளவுக்குத் துணியவில்லை என்பதுதான். நிஜம் போல ஆக்குவதற்கே நான்கு மணி நேரத்தையும் செலவிட்டுவிட்டார்.

ஒளிவிலகல்:
பூஜ்யம் போட மாட்டேன். ஹொகுசாய்க்கு விதி தெரிந்திருந்தது, மீறினார். புரட்டி ஒட்டுகிறவர்களில் பெரும்பாலோர் விதியை அறியாமலே மீறுகிறார்கள். இரண்டுக்கும் என் வகுப்பில் ஒரே மதிப்பெண் கிடையாது.

மீன்கொத்தி:
இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். பாசனக்காரன் ஐயா, அந்தப் படம் உங்கள் ஊருக்கே போய்ச் சேரும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. நான் பகிர்ந்த இடங்களிலிருந்து அதை நீக்கிவிட்டேன். மற்றவர்கள் கையில் இருப்பதை என்னால் நீக்க முடியாது. பரிசு எனக்கு வேண்டாம் என்று கருவிழிக்கு எழுதிவிட்டேன்.

ஆனால் படத்தை விட்டுவிட மனம் வரவில்லை. மூலக் கோப்பைத் திறந்து, நான் அழித்த சீமைக்கருவேலத்தையும் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும் வண்டலையும் அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன். மலையையும் பனைகளையும் தனித்தனி லேயராக வெட்டித் தலைகீழாக்கி, அந்த வெடிப்புகளின் மீது, மண்ணின் நிறம் ஊடே தெரியும்படி மெல்லியதாகப் படியவிட்டிருக்கிறேன். அலை இல்லை, மினுமினுப்பு இல்லை. ஒவ்வொரு பாளத்தின் விளிம்பிலும் பிம்பம் கொஞ்சம் உடைந்து விலகுகிறது. தண்ணீர் இருப்பதாக இதைப் பார்த்து யாரும் போன் செய்ய மாட்டார்கள். கணக்குப்படி மலையைக் கரையோரம் ஏற்றிப் பாதியாகத் தாழ்த்தியும் இருக்கிறேன். போட்டிக்காக இல்லை, பார்ப்பதற்காக இங்கே இணைக்கிறேன்.

ஒளிவிலகல்:
மலை சரியாக இருக்கிறது. வலக்கோடியில் உள்ள நான்காவது பனை மட்டும் மற்ற மூன்றைவிடக் கிட்டத்தில் நிற்கிறது. அதன் பின்னால் தெரிகிற மலை இன்னும் சற்றுத் தாழ வேண்டும். இப்படிச் சொல்வதற்காக என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

பாசனக்காரன்:
பார்த்தேன் தம்பி. நம் கண்மாய்தான். பெரிதாக ஒரு பிரதி அச்சிட்டுக் கொடுக்க முடியுமா? வரத்துக்கால் தூர்வார மனுக் கொடுக்கப் போகிறோம், அதோடு வைக்கலாம். தலைகீழ் மலை இல்லாத படமும் ஒன்று வேண்டும்.