லீவ் ‘போடுறதை’ இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?

கேள்வி:
மேனேஜருக்கு அனுப்ப எழுதினது இது: “ஐ ஆம் புட்டிங் லீவ் டுமாரோ. ஐ டிஸ்கஸ்டு அபவுட் இட் வித் த டீம். ஐ ஆம் ஹேவிங் ஒன் டவுட்.” ஸ்பெல்லிங் தப்பு இல்லை. ஆனா படிச்சா எங்கேயோ இடிக்குது. எதை மாத்தணும்?

பதில் 1:
முதல் வாக்கியத்துல இடிக்கிறது நம்ம ‘போடு’. டீ போடு, லைட் போடு, சட்டை போடு, கையெழுத்துப் போடு, எல்லாத்துக்கும் தமிழ்ல ஒரே வினை. இங்கிலீஷ்ல டீக்கு ‘மேக்’, லைட்டுக்கு ‘டர்ன் ஆன்’, கையெழுத்துக்கு வெறும் ‘சைன்’. சட்டையில இன்னொரு சிக்கல்: மாட்டுற செயல் ‘புட் ஆன்’, மாட்டிட்டு இருக்கிற நிலை ‘வேர்’.

லீவுக்கு ‘டேக்’. ஆனா “லீவ் போட்டாச்சு”ன்னா விண்ணப்பிச்சதும் ஆகலாம், எடுத்ததும் ஆகலாம். இங்கிலீஷ்ல பிரிச்சே ஆகணும். எழுதிக் கொடுத்தாச்சு, பதில் வரலைன்னா “ஐ ஹேவ் அப்ளைடு ஃபார் லீவ்”. இப்பதான் கேக்கறீங்கன்னா “குட் ஐ டேக் டுமாரோ ஆஃப்?” அனுமதி வராம “ஐ ஆம் டேக்கிங் லீவ்”னு எழுதினா முடிவு பண்ணிட்டுத் தகவல் சொல்ற மாதிரி இருக்கும்.

பதில் 2:
‘டிஸ்கஸ்’ பக்கத்துல ‘அபவுட்’ வராது. ‘பத்திப் பேசினோம்’னு நினைக்கிறதால கை தானா எழுதிடும். ‘டிஸ்கஷன் அபவுட்’ சரிதான், அது பெயர்ச்சொல்.

தன்கிட்ட இருக்குங்கிற அர்த்தத்துல ‘ஹேவ்’ வந்தா ‘-இங்’ சேராது. ‘ஹேவிங் லன்ச்’ சாப்பிடுற செயல், அதனால சரி. அதைவிட முக்கியம் ‘டவுட்’. அமெரிக்க கிளையண்டுக்கு “ஐ ஹேவ் அ டவுட் அபவுட் யுவர் ரிப்போர்ட்”னு போனா, ரிப்போர்ட்டையே நம்பலைன்னு எடுத்துக்குவாங்க. ‘க்வெஸ்சன்’ போதும்.

பதில் 3:
நம்ம ஊர் ஆபீசுக்குள்ள ‘டவுட்’ எல்லாருக்கும் புரியும், அதுக்காக அலற வேண்டாம். ‘ரைட் அன் எக்ஸாம்’கூட தப்புன்னு சிலர் சொல்வாங்க, ஆனா கனடாவிலயும் தென்னாப்பிரிக்காவிலயும் ‘ரைட்’னுதான் சொல்றாங்க. ‘கிவ் அன் எக்ஸாம்’தான் இந்தியில இருந்து வந்தது.

சந்தேகம் வந்தா அகராதியில வினையைத் தேடாதீங்க, ‘போடு’ன்னு தேடினா ‘புட்’தான் கிடைக்கும். எந்தச் சொல்லோட எந்தச் சொல் சேரும்னு காட்டுற கலோகேஷன் அகராதியில பெயர்ச்சொல்லை, அதாவது ‘லீவ்’னு தேடுங்க. கூட வர்ற வினைகள் வரிசையா இருக்கும்.

கேட்டவர்:
அப்போ மாத்திரை சாப்பிடறதுக்கு ‘ஈட்’ கிடையாதா?

பதில் 2:
கிடையாது. அதுக்கும் ‘டேக்’தான்.